தாழைத்திட்டின் மேல்முறையீடு

கீழச் சித்திரை வீதி,
ஸ்ரீரங்கம்.
18-10-1977

தாழைத்திட்டு நாட்டின் தலைவி செல்வி பேட்ரிசியா அவர்களுக்கு,

இங்கு க்ஷேமம். தங்கள் க்ஷேமத்துக்குப் பெருமாளைப் பிரார்த்திக்கிறேன். பிரார்த்தித்த கையோடு கெட்ட செய்தி ஒன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது.

நமது தேச விளையாட்டின் இந்த மாதச் சுற்றில் நெடுவரை நாட்டின் கப்பல்கள் தங்கள் தீவைச் சுற்றி வளைத்து நிற்கின்றன. நெடுவரையை ஆள்பவர் லால்குடி வக்கீல் தைரியராஜ் என்பது தங்களுக்குத் தெரியும். துறைமுகத்தைத் தனக்கு விட்டுக்கொடுக்கும்படி மூன்று பக்கம் எழுதியிருந்தார். 'தர முடியாது' என்று இரண்டே சொல்லில் பதில் போட்டிருக்கிறீர்கள். அதன் விளைவுதான் இந்த முற்றுகை.

நடுவர் என்ற முறையில் என் பட்டியலைப் பார்த்தேன். அரிசி, தண்ணீர், எரிபொருள், ஆயுதம், கப்பல் என்று ஒவ்வொரு நாட்டுக்கும் ஐந்து பத்திகள் வைத்திருக்கிறேன். தங்கள் தீவுக்கு அரிசி கரையிலிருந்து வருகிறது. மண்ணெண்ணெயும் மருந்தும் அப்படியே. வழி அடைபட்டால் அப்படிப்பட்ட நாடு ஒரு சுற்றுக்கு மேல் தாங்காது. ஆகவே தாழைத்திட்டு விழுந்தது, நெடுவரையோடு சேர்ந்தது என்று தீர்மானித்திருக்கிறேன். நவம்பர் கடைசியில் வரும் சுற்றறிக்கையில் இது வெளியாகும். அதோடு தங்கள் ஆட்டம் முடிகிறது.

அறிக்கை வெளியாகும்வரை மேல்முறையீடு செய்யத் தங்களுக்கு உரிமை உண்டு. எல்லாம் தபாலில்தான். ஆட்டக்காரர்கள் ஒருவரை ஒருவரோ, நடுவரையோ நேரில் பார்க்கக்கூடாது என்ற விதியை நினைவூட்டுகிறேன். நேரில் பார்த்தால் தயவு தாட்சணியம் வந்துவிடும்.

இப்படிக்கு,
சௌரிராஜன்,
நடுவர்.


மேலப்புதூர்,
திருச்சி.
21-10-1977

நடுவர் சௌரிராஜன் சார் அவர்களுக்கு,

வணக்கம். தீர்ப்பு கிடைத்தது. நான் அதை ஏற்கவில்லை.

இரண்டு வருஷத்துக்கு முன் நூலகத்து அறிவிப்புப் பலகையில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தீர்கள். 'நாடு ஆள விருப்பமா? தபால் செலவு தங்களுடையது' என்று எழுதியிருந்தது. யாரோ கிறுக்கர் என்று நினைத்துச் சிரித்துவிட்டு, வீட்டுக்கு வந்து கார்டு எழுதிப் போட்டேன். அதற்குள் மற்ற ஆறு பேரும் மலையும் ஆறும் சமவெளியுமாக நல்ல இடங்களை எடுத்துக்கொண்டிருந்தார்கள். வரைபடத்தின் மூலையில் மசி சிந்தியதோ என்று சந்தேகப்படும்படி ஒரு புள்ளி இருந்தது. 'அதுதான் மிச்சம், வேண்டுமா?' என்று கேட்டீர்கள். வேண்டும் என்றேன்.

அந்தப் புள்ளியில் நான் என்னென்ன செய்திருக்கிறேன் என்று உங்களுக்குத் தெரியும், எல்லா உத்தரவுகளும் உங்களிடம்தான் இருக்கின்றன. துறைமுகம் கட்டும் முன்பே பள்ளிக்கூடம் கட்டினேன். மீன் சந்தையைப் பெண்கள் கையில் கொடுத்தேன். 'பார்க்கலாம்' என்று பதில் சொல்வதைக் குற்றமாக்கினேன். தாழைத்திட்டில் யார் எதைக் கேட்டாலும் முடியும் அல்லது முடியாது, இரண்டில் ஒன்றைத்தான் சொல்ல வேண்டும். வக்கீலுக்கு நான் அனுப்பிய பதில் திமிர் இல்லை சார், எங்கள் நாட்டுச் சட்டம்.

எனக்கு முப்பத்திரண்டு வயது. பெண்கள் பள்ளியில் சரித்திரம் நடத்துகிறேன். பள்ளியில் தலைமையாசிரியை சொல்வது நடக்கிறது. வீட்டில் அண்ணன் லூர்து சொல்வது நடக்கிறது. என்ன குழம்பு வைப்பது என்பதைக்கூட அண்ணிதான் முடிவு செய்கிறார். நான் சொன்னது நடக்கிற இடம் இந்த உலகத்தில் ஒன்றே ஒன்றுதான், அதுவும் உங்கள் வரைபடத்தில் இருக்கிறது. அதைச் சும்மா விட்டுவிடுவேன் என்று நினைக்காதீர்கள்.

என் வாதம் இதுதான். ஒரு மாதம் அரிசி வராவிட்டால் ஒரு நாடே கையைத் தூக்கிவிடும் என்று யார் சொன்னது? தீவில் மீன் இருக்கிறது, தென்னை இருக்கிறது, கிணறு இருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலே ஆட்கள் இருக்கிறார்கள்.

பேட்ரிசியா,
தாழைத்திட்டு.


ஸ்ரீரங்கம்.
27-10-1977

செல்வி பேட்ரிசியா அவர்களுக்கு,

தங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். வருத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் வருத்தத்துக்கு என் பட்டியலில் பத்தி இல்லை.

அந்தப் பட்டியலை நான் ஏதோ விளையாட்டாக எழுதிவிடவில்லை. சர்வே ஆபீஸில் இருபது வருஷமாக வரைபடம் போடுகிறவன் நான். ஆறு எங்கே திரும்பும், ஊர் எதை நம்பி நிற்கும் என்று ஓரளவு தெரியும். தீவு என்றால் நாலு பக்கமும் தண்ணீர். அங்கே விளைவது கொஞ்சம், வெளியிலிருந்து வருவது அதிகம். வழி அடைபட்டால் முதலில் அரிசி போகும், அப்புறம் வெளிச்சம் போகும், அப்புறம் ஜனங்களின் தைரியம் போகும்.

மீன், தென்னை என்றெல்லாம் தாங்கள் சொல்வது வாதம். வாதத்துக்காகத் தீர்ப்பை மாற்ற முடியாது. புதிய சான்று இருந்தால் மட்டுமே மாற்றலாம் என்று விதியில் இருக்கிறது. தீவில் இருந்து பார்த்தவர் யாரும் நம்மிடையே இல்லை. தாங்களும் இல்லை, நானும் இல்லை. அப்படியிருக்க, பட்டியலை நம்பாமல் வேறு எதை நம்புவது?

சுற்றறிக்கைக்கு ஸ்டென்சில் வெட்டியாகிவிட்டது. தீபாவளிக்குப் பிறகு சைக்ளோஸ்டைலில் பிரதிகள் எடுப்பதாக உத்தேசம். தாங்கள் விரும்பினால் வேறு நாடு ஏதாவது காலியாகும்போது சொல்கிறேன்.

சௌரிராஜன்.


மேலப்புதூர்.
3-11-1977

நடுவர் அவர்களுக்கு,

வேறு நாடு வேண்டாம்.

இந்தக் கடிதம் தாமதமானதற்குக் காரணம் இருக்கிறது. உங்கள் கடிதங்கள் இரண்டையும் அண்ணன் என் மேஜை டிராயரிலிருந்து எடுத்துப் படித்துவிட்டான். பிறத்தியார் கடிதத்தைப் படிப்பது தப்பு என்று ஆயிரம் தடவை சொல்லியாகிவிட்டது, அவன் காதில் ஏறாது. பொன்மலை ஒர்க்‌ஷாப்பிலிருந்து வந்தவன் சட்டையைக்கூடக் கழற்றாமல் கூடத்தில் நின்று கத்தினான்.

“யாருடி இந்தச் சௌரிராஜன்? எந்தத் துறைமுகம்? கப்பல் வளைச்சிருக்குன்னு எழுதியிருக்கான். எமர்ஜென்சி முடிஞ்சு ஒரு வருஷம்கூட ஆகல. போலீஸ் வந்து கேட்டா நான் என்ன பதில் சொல்றது?”

விளையாட்டு என்றேன். நம்பவில்லை. கடிதத்தை மாதா கோயில் பங்குச் சாமியாரிடம் கொண்டுபோய்க் காட்டியிருக்கிறான். அவர் கண்ணாடி போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்துவிட்டு, “பாவம், அந்தத் தீவுக்காரங்க என்ன செய்வாங்க?” என்று கேட்டாராம். அண்ணனுக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. போலீஸ் பயம் போனதும் வேறொன்றைப் பிடித்துக்கொண்டான். “முகம் தெரியாத ஆம்பளைக்கு மாசா மாசம் கடுதாசி எழுதுறது நம்ம குடும்பத்துக்கு அழகா? இத்தோட நிறுத்து” என்றான். நிறுத்தவில்லை என்பதற்கு இந்தக் கடிதமே அத்தாட்சி.

இனிமேல் உறையின் மேல் பெரிய எழுத்தில் 'தேச விளையாட்டு' என்று எழுதி அனுப்புங்கள். ஒளித்து வைக்கிற காரியம் எதையும் நான் செய்யவில்லை.

புதிய சான்று கேட்கிறீர்கள். என்னிடம் இல்லை. தேடிக்கொண்டிருக்கிறேன். ஆனால் ஒன்று சொல்கிறேன். உங்கள் பட்டியலில் ஐந்து பத்திகளும் சாமான்கள்தான். அந்தச் சாமான்களை வைத்துக்கொண்டு பிழைக்கிற ஜனங்கள் எப்படிப்பட்டவர்கள் என்பதற்கு ஒரு பத்தியும் இல்லை. வகுப்பில் இருபது போர்கள் நடத்துகிறேன். அரிசி தீர்ந்ததால் விழுந்த கோட்டைகள் உண்டு. அரிசி தீர்ந்த பிறகும் விழாமல் நின்ற கோட்டைகளும் உண்டு. உங்கள் பட்டியலைக் கொண்டு இரண்டாவது வகையை விளக்குங்கள் பார்ப்போம்.

பேட்ரிசியா.


மேலப்புதூர்.
15-11-1977

சௌரிராஜன் சாருக்கு,

நீங்களும் உங்கள் வீட்டில் உள்ளவர்களும் நலமாக இருக்க வேண்டும் என்று மாதாவிடம் வேண்டிக்கொண்டு எழுதுகிறேன். முதலில் அதற்குப் பதில் சொல்லுங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

எங்கள் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர் வந்து இப்போது இறங்கிவிட்டது. உறையூர்ப் பக்கத்தில் வீட்டுக்கூரையில் ஏறி உட்கார்ந்திருந்தவர்களைப் படகில் கொண்டுவந்தார்களாம். எங்கள் பள்ளிக்கூடத்தில்தான் அவர்களில் பாதிப்பேர் இருக்கிறார்கள். பகல் முழுக்கக் கஞ்சி ஊற்றிவிட்டு, கையெல்லாம் புகை வாடையோடு வந்து உட்கார்ந்திருக்கிறேன். குழந்தையைக் காணோம் என்று தேடுகிற தாய்மார்களை இன்று பார்த்தேன். இந்த நேரத்தில் விளையாட்டைப் பற்றி எழுதுவது சரியா என்று எனக்கே உறுத்துகிறது. ஆனாலும் எழுதத்தான் போகிறேன்.

காலையில் அண்ணன் பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு உரக்கப் படித்தான். “பாலத்துல போக்குவரத்து இல்லையாம். காவிரியும் கொள்ளிடமும் ரெண்டு பக்கமும் கரை புரளுதாம். ஸ்ரீரங்கம் தனியா நிக்குதாம்.”

கையில் இருந்த கரண்டியை அப்படியே வைத்துவிட்டேன். உங்கள் போன கடிதத்தை எடுத்துப் படித்தேன். 'தீவில் இருந்து பார்த்தவர் யாரும் நம்மிடையே இல்லை' என்று எழுதியிருக்கிறீர்கள். ஸ்ரீரங்கம், கீழச் சித்திரை வீதி என்று மேலே விலாசம் போட்டுவிட்டு, கீழே அப்படி எழுதியிருக்கிறீர்கள்! உங்களைக் குற்றம் சொல்ல எனக்கு வாயில்லை. இரண்டு வருஷமாக அந்த விலாசத்தை உறை மேல் எழுதுகிற எனக்கும் தோன்றவில்லை.

நடுவர் அவர்களே, தாழைத்திட்டின் சார்பில் உங்களைச் சாட்சியாக அழைக்கிறேன். தண்ணீர் வடிந்து, உங்களுக்கு மனசு சமாதானமான பிறகு பதில் எழுதினால் போதும். ஆனால் உள்ளதை உள்ளபடி எழுத வேண்டும்.

வழி அடைபட்டபோது உங்கள் தெருவில் என்ன சாப்பிட்டீர்கள்? முதலில் எது தீர்ந்தது? யார் யாருக்குக் கொடுத்தார்கள், யார் பதுக்கினார்கள்? எப்படியாவது கரைக்குப் போய்விடலாம் என்று எத்தனை பேர் சொன்னார்கள்? நீங்கள் சொன்னீர்களா?

தபாலாபீஸில் இப்போதைக்கு எதுவும் ஆற்றைத் தாண்டாது என்கிறார்கள். தாண்டும்போது தாண்டட்டும் என்று பெட்டியில் போடுகிறேன். நம் விதிப்படி முத்திரைத் தேதிதான் கணக்கு.

பேட்ரிசியா.


ஸ்ரீரங்கம்.
24-11-1977

செல்வி பேட்ரிசியா அவர்களுக்கு,

பெருமாள் கிருபையில் அகத்தில் எல்லோரும் க்ஷேமம். பின்கட்டில் கொஞ்சம் சுவர் இடிந்தது, அவ்வளவுதான். அதை முதலில் விசாரித்ததற்கு நன்றி. தங்கள் கடிதம் நேற்றுத்தான் ஈரத்தோடு வந்து சேர்ந்தது.

அதைப் படித்ததும் எனக்குக் கோபம் வந்தது. நடுவரைச் சாட்சிக் கூண்டில் ஏற்றுவது எந்த விதியிலும் இல்லை. பிறகு என் சொந்த வாக்கியத்தைத் தாங்கள் எடுத்துக்காட்டியிருந்த இடத்துக்கு வந்தேன். கோபம் போய் வெட்கம் வந்தது. இந்த ஊரில் பிறந்தவன் நான். காலையில் பஸ் ஏறுகிறேன், பாலம் தாண்டினால் ஆபீஸ், சாயங்காலம் அதே பஸ். ஆபீஸில் இந்த ஊரை எத்தனையோ தடவை வரைந்திருக்கிறேன், மேலே கொள்ளிடம், கீழே காவிரி, இரண்டுக்கும் நீல மசி. இது ஒரு தீவு என்று ஒருநாளும் மனசில் பட்டதில்லை. கோயில் என்று சொல்வோம், க்ஷேத்திரம் என்று சொல்வோம். தீவு என்றால் எங்கேயோ சமுத்திரத்தில் இருப்பது என்றே நினைத்திருக்கிறேன்.

கேள்விகளுக்குப் பதில் எழுதுகிறேன்.

முதலில் போனது வெளிச்சம். அப்புறம் பால். ஜீயபுரத்திலிருந்து வரும் காய்கறி வரவில்லை. ஆனால் தீபாவளி முடிந்த கையோடு வெள்ளம் வந்ததால் எல்லார் அகத்திலும் பட்சணம் மிச்சம் இருந்தது. முறுக்கும் தேன்குழலுமே காலை ஆகாரம். தோப்புகளில் சாய்ந்த வாழைகளை யாரோ வெட்டிக்கொண்டுவந்து தெருமுனையில் போட்டார்கள். வாழைப்பூவும் வாழைத்தண்டும் வேண்டும் மட்டும் கிடைத்தது. இனி ஒரு வருஷத்துக்கு வாழைத்தண்டு என் கண்ணில் படக்கூடாது என்று என் மனைவி சொல்லியிருக்கிறாள். தெருக்கோடியில் இரண்டு மாடு வைத்திருப்பவர் கைக்குழந்தை உள்ள வீடுகளுக்கு மட்டும் பால் என்று சொல்லிவிட்டார். மளிகைக்கடைக்காரர் அரிசியைப் பதுக்குவார் என்று எதிர்பார்த்தேன். ஆளுக்கு ஒரு படிதான் கொடுத்தார், ஆனால் எல்லாருக்கும் கொடுத்தார்.

எதிர்வீட்டுத் திருநாராயணனுக்கும் எனக்கும் சாக்கடைத் தகராறில் பேச்சு நின்று வருஷக்கணக்காகிறது. அவர் வந்து கதவைத் தட்டினார். “ஓய், நெருப்புப் பெட்டி நனஞ்சுபோச்சு. உம்மகிட்ட இருந்தா குடும். சண்டைய அப்பறம் வச்சுப்போம்” என்றார். கொடுத்தேன். பதிலுக்கு ஒரு பாட்டில் மண்ணெண்ணெய் கொண்டுவந்து வைத்தார். சண்டை இன்னும் பாக்கி இருக்கிறது, இருவருக்கும் ஞாபகம் வரவில்லை.

ஆற்று வேகம் தணிந்ததும் கரையிலிருந்து படகு வந்தது. போக விரும்புகிறவர்கள் ஏறலாம் என்றார்கள். பிரசவத்துக்கு நாள் நெருங்கிய ஒரு பெண்ணையும் அவள் தாயாரையும் எல்லாரும் சேர்ந்து ஏற்றிவிட்டோம். “நாமளும் போயிடலாமோன்னா?” என்று என் மனைவி கேட்டாள். “எதுக்கு?” என்றேன். அவளும் அப்புறம் கேட்கவில்லை. எங்கள் தெருவில் வேறு யாரும் ஏறவில்லை.

ஏன் ஏறவில்லை என்று தாங்கள் கேட்பீர்கள். யோசித்துப் பார்த்தேன். அரிசி இருந்ததாலா என்றால் இல்லை, எங்களிடம் அப்போது நாலு நாளைக்குமேல் அரிசி இல்லை. போகப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான். அந்த 'அவ்வளவுதான்' என் பட்டியலில் எங்கே வரும் என்று எனக்குத் தெரியவில்லை.

இது சான்றா இல்லையா என்று இன்னும் தீர்மானிக்கவில்லை. காகிதக் கட்டு முழுக்க நனைந்துவிட்டதால் சுற்றறிக்கை டிசம்பருக்குத் தள்ளிப்போகிறது. ஸ்டென்சில் மட்டும் உயரத்தில் இருந்ததால் தப்பியது. அதில் தாழைத்திட்டு விழுந்துதான் கிடக்கிறது.

சௌரிராஜன்.


மேலப்புதூர்.
27-11-1977

சாருக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு, பின்கட்டுச் சுவரோடு போயிற்றே என்று மாதாவுக்கு மெழுகுவத்தி ஏற்றினேன். அதோடு என் உபசாரம் முடிந்தது. இனி வழக்கு.

உங்கள் பட்டியல்படி பார்த்தால் கீழச் சித்திரை வீதி விழுந்திருக்க வேண்டும். அரிசி இல்லை, வெளிச்சம் இல்லை, வழி இல்லை. படகு வாசல் வரை வந்து கூப்பிட்டது. விழவில்லை. இதைவிடப் புதிய சான்று வேண்டுமென்றால் நானே வந்து ஆற்றில் குதிக்க வேண்டியதுதான்.

எனக்கு எதிரான விஷயத்தையும் நானே சொல்லிவிடுகிறேன், வக்கீல் சொல்வதற்கு முன்னால். வெள்ளம் என்றால் வடியும். உங்கள் தெருவுக்கு அது தெரியும். கப்பல்கள் தானாக வடியாது. என் ஜனங்களுக்கு எத்தனை நாள் என்று தெரியாது. வித்தியாசம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்த அந்த முதல் ராத்திரியில் எத்தனை நாள் என்று உங்களுக்கும் தெரியாதே. அப்போது உங்கள் தெரு என்ன செய்ததோ அதைத்தான் தாழைத்திட்டும் செய்யும்.

நான் வெற்றி கேட்கவில்லை. கப்பல்களை விரட்டச் சொல்லவில்லை. விழவில்லை என்று மட்டும் எழுதச் சொல்கிறேன்.

பேட்ரிசியா.


ஸ்ரீரங்கம்.
2-12-1977

செல்வி பேட்ரிசியா அவர்களுக்கு,

விதிப்படி தங்கள் முறையீட்டை நெடுவரைக்கும் தெரிவித்தேன். தைரியராஜிடமிருந்து உடனே பதில் வந்தது. தட்டச்சு செய்து, பச்சை மசியில் கையெழுத்துப் போட்டிருக்கிறார். 'ஸ்ரீரங்கத்துக்கு வெள்ளம் வந்தால் என் கப்பல் ஏன் திரும்ப வேண்டும்? நடுவர் தன் சொந்த வாசலில் நடந்ததைச் சான்றாக எடுத்தால், நாளைக்கு லால்குடியில் மழை பெய்ததற்காக நான் படை கேட்கலாமா?' என்று கேட்கிறார். தப்பான கேள்வி என்று சொல்ல முடியவில்லை. தீர்ப்பை மாற்றினால் ஆட்டத்தை விட்டு விலகுவேன் என்றும் எழுதியிருக்கிறார். அவர் விலகினால் மற்றவர்களும் கலைந்துவிடுவார்கள் என்று எனக்கு பயமாக இருக்கிறது. ஆபீஸ் விட்டால் வீடு, வீடு விட்டால் ஆபீஸ் என்று இருக்கிற எனக்கும் இந்த விளையாட்டு ஒன்றுதான் இருக்கிறது. தங்களுக்கு மட்டும்தான் அப்படி என்று நினைக்க வேண்டாம்.

மறுபக்கம், ஸ்டென்சிலை எடுத்துப் பார்க்கும்போதெல்லாம் படகு வந்த அன்று தெருவில் நின்றிருந்தவர்களின் முகம் ஞாபகம் வருகிறது. அந்த முகங்களை வைத்துக்கொண்டு 'விழுந்தது' என்று எப்படி அச்சடிப்பது?

இரண்டு பக்கமும் யோசித்துப் பார்க்கலாம் என்று எழுதினேன். தங்கள் நாட்டில் அது குற்றம் என்பதால் அடித்துவிட்டேன். அடித்தது தங்களுக்குத் தெரியும்படிதான் இருக்கும்.

ஒரே ஒரு கேள்வி. விழவில்லை என்று எழுதினால் முற்றுகை அடுத்த மாதமும் நீடிக்கும். அரிசி வராது. தீவின் தலைவி என்ன உத்தரவு போடுவார்? அதை எழுதி அனுப்புங்கள். அதைப் பார்த்து முடிவு செய்கிறேன். இதற்குமேல் எனக்குக் கடிதம் எழுத வேண்டாம், நானும் எழுத மாட்டேன். அடுத்து வருவது சுற்றறிக்கையாக இருக்கும்.

சௌரிராஜன்.


மேலப்புதூர்.
5-12-1977

நடுவர் அவர்களுக்கு,

தாழைத்திட்டின் உத்தரவு.

துறைமுகம் தரப்பட மாட்டாது. இருக்கிற அரிசி வீடுவீடாகப் பங்கிடப்படும், கைக்குழந்தை உள்ள வீடுகளுக்கும் நோயாளிகளுக்கும் முதலில், தலைவி வீட்டுக்குக் கடைசியில். மீன் சந்தையை நடத்தும் பெண்கள் பங்கீட்டைக் கவனிப்பார்கள். பள்ளிக்கூடம் வழக்கம்போல் நடக்கும். பேச்சு நின்றுபோன அண்டை வீட்டுக்காரர்கள் முற்றுகை முடியும்வரை பேச வேண்டும். பிரசவம், அவசர வைத்தியம் இருந்தால் வெள்ளைக்கொடி கட்டிய படகில் கரைக்கு அனுப்பப்படும். நெடுவரைக்காரர்கள் மனிதர்களாக இருந்தால் வழிவிடட்டும்.

மற்றவர்கள் யாராவது கரைக்குப் போக விரும்பினால் தடுக்க மாட்டோம். யாரும் போக மாட்டார்கள் என்று நினைக்கிறேன். போனாலும் தலைவி இருப்பார்.

வக்கீல் விலகுவார் என்ற பயத்துக்காக எனக்கு எதிராகத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். என்மேல் பரிதாபப்பட்டு அவருக்கு எதிராகவும் சொல்லாதீர்கள். நீங்கள் உங்கள் தெருவில் பார்த்ததை வைத்துச் சொல்லுங்கள். அதற்குப் பிறகும் விழுந்தது என்றால் ஏற்றுக்கொள்கிறேன். அழுவேன், ஆனால் ஏற்றுக்கொள்கிறேன்.

பேட்ரிசியா.


மேலப்புதூர்.
17-12-1977

சௌரிராஜன் சாருக்கு,

கடிதம் எழுத வேண்டாம் என்றீர்கள். சுற்றறிக்கை வந்துவிட்டதால் அந்தத் தடை முடிந்தது என்று எடுத்துக்கொள்கிறேன்.

நேற்றுச் சாயங்காலம் நான் பள்ளிக்கூடத்திலிருந்து திரும்பி, குடத்தை எடுத்துக்கொண்டு தெருக்குழாய்க்குப் போயிருந்தேன். தபால்காரர் உறையை அண்ணன் கையில் கொடுத்திருக்கிறார். 'தேச விளையாட்டு' என்று கொட்டை எழுத்தில் நீங்கள் எழுதியிருந்ததால் அவனுக்கு இன்னும் வசதியாகப் போய்விட்டது. வாசலில் நின்றபடியே கிழித்துவிட்டான். தூரத்திலிருந்து பார்த்த எனக்கு ரத்தம் கொதித்தது. குடத்தை அப்படியே விட்டுவிட்டு, இன்றைக்கு அவனை உண்டு இல்லை என்று ஆக்குவது என்ற முடிவோடு வந்தேன். நான் வாயைத் திறப்பதற்கு முன் அவன் காகிதத்தை ஆட்டிக்கொண்டு தெருவே கேட்கக் கத்தினான்.

“பேட்ரிசியா! விழலடி! உன் தீவு விழல!”

அடுத்த வீட்டு சகாயம்மாள் அக்கா, யார் கிணற்றில் விழுந்தது என்று பதறிக்கொண்டு ஓடி வந்தார். அவருக்கு அண்ணனே விளக்கம் சொன்னான். “ஒண்ணுமில்லக்கா, கப்பல் வளைச்சு நின்னுச்சு. அரிசி இல்ல. ஆனாலும் நம்ம ஆளுங்க விட்டுக்குடுக்கல.” நம்ம ஆளுங்க என்றான், சார். என் காதால் கேட்டேன்.

திட்டுவதற்கு நான் வழியெல்லாம் தயாரித்துக்கொண்டு வந்தது அத்தனையும் வீணாயிற்று. ராத்திரி சாப்பிடும்போது கேட்டேன். நான் இல்லாத நேரமெல்லாம் உங்கள் கடிதங்களை ஒன்று விடாமல் படித்து வந்திருக்கிறான். படகில் யாரும் ஏறாத இடத்தை அண்ணிக்குப் படித்துக்காட்டினானாம். பிறத்தியார் கடிதத்தைப் படிக்காதே என்று ஆயிரத்தோராம் தடவையாகச் சொன்னேன். “இனிமே நீயே படிச்சுச் சொல்லு, நான் ஏன் எடுக்குறேன்?” என்கிறான். கடிதம் எழுதுவதை நிறுத்து என்ற பேச்சு இப்போது வீட்டில் இல்லை.

சுற்றறிக்கையை நான்காவது முறையாகப் படித்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். பட்டியலில் ஆறாவது பத்தி சேர்த்திருக்கிறீர்கள். 'பிடிவாதம்' என்று தலைப்பு. ஏழு நாடுகளுக்கும் அவரவர் இரண்டு வருஷமாக அனுப்பிய உத்தரவுகளைப் பார்த்து மதிப்பெண் போட்டதாக எழுதியிருக்கிறீர்கள். நெடுவரைக்கும் நல்ல மதிப்பெண்தான் கொடுத்திருக்கிறீர்கள், அதனால்தான் வக்கீல் விலகவில்லை போலிருக்கிறது. எனக்குப் போட்டதைச் சொல்லிக்கொள்ள கூச்சமாக இருக்கிறது. என் மாணவிகள் யாருக்கும் நான் அவ்வளவு போட்டதில்லை.

'தாழைத்திட்டு விழவில்லை. முற்றுகை தொடர்கிறது.' அந்த இரண்டு வரியைப் படித்து, நான் சொன்னபடி அழுதேன். தோற்றால் அழுவதாகத்தான் சொல்லியிருந்தேன், ஜெயித்ததற்கு அழுகை வரும் என்று எதிர்பார்க்கவில்லை. ரொம்ப நன்றி சார். உங்கள் தெருவுக்கும், திருநாராயணன் சாருக்கும், அந்தப் படகில் போன பெண்ணுக்கும் சேர்த்து நன்றி. குழந்தை நல்லபடியாகப் பிறந்ததா என்று ஒரு வரி எழுதுங்கள்.

அடுத்த மாத உத்தரவுகளைத் தனிக் காகிதத்தில் வைத்திருக்கிறேன். படகு கட்டப்போகிறோம். வக்கீல் இன்னும் ஆறு மாதம் நின்றாலும் நாங்கள் இருப்போம், அதை அவருக்குத் தெரியப்படுத்துங்கள்.

முக்கியமான விஷயத்தைக் கடைசியில் சொல்கிறேன். அண்ணன் உங்களிடம் ஒரு நாடு கேட்கச் சொல்கிறான். எதுவானாலும் பரவாயில்லையாம், தீவு மட்டும் வேண்டாமாம், தீவுக்காரர்கள் யார் பேச்சையும் கேட்க மாட்டார்களாம். காலியாக இருந்தால் கொடுங்கள். என் கடல் பக்கத்தில் மட்டும் கொடுத்துவிடாதீர்கள்.

பேட்ரிசியா,
தாழைத்திட்டு.